பாலத் தூண்களில் கொடுவா பிடிக்கும் முறை

உப்பங்கழிகளை ஒட்டி நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர், வயலில் வேலை குறைந்த நாட்களில் தூண்டில் போடுவதுண்டு. பழவேற்காடு, முட்டுக்காடு, பிச்சாவரம் பகுதிகளில் கிடைக்கும் மீன்களில் நல்ல விலை பெறுவது கொடுவா. பாறை இடுக்குகளும் பாலத் தூண்களும் இம்மீன் விரும்பித் தங்கும் இடங்கள்.

தங்கும் இடம்

கொடுவா பதுங்கியிருந்து பாய்ந்து இரை பிடிக்கும் மீன். நீரோட்டம் தூணில் மோதிப் பிரியும்போது, தூணுக்குப் பின்புறம் நீர் வேகம் குறைந்திருக்கும். அங்கே நின்றுகொண்டு, ஓட்டத்தில் வரும் இறாலையும் மடவைக் குஞ்சுகளையும் விழுங்கும். ஆகவே, கடல்நீர் உள்ளே ஏறும்போதும் வெளியே வற்றும்போதும் தூண்டில் போட வேண்டும். நீர் அசையாது நிற்கும் வேளையில் பலன் குறைவு. அதிகாலையும் அந்தி நேரமும் மிக உகந்தவை.

தூண்டிலும் இரையும்

உயிருள்ள இறால் சிறந்த இரை. தலையில் உள்ள கொம்பின் அடியில் முள்ளை மேலாகக் கோத்தால் இறால் நெடுநேரம் சாகாது. தூணில் ஒட்டி வளரும் சிப்பிகளும் மீனின் கூரான செவுள் மூடியும் நரம்பை அறுத்துவிடும். எனவே முள்ளை அடுத்த ஒரு மீட்டர் நீளத்திற்குத் தடித்த நரம்பைக் கட்டுவது அவசியம். ஓட்டத்திற்கு மேற்புறம் இரையைப் போட்டு, தூணை ஒட்டி மிதந்துவர விட வேண்டும். மீன் கடித்தவுடன் நரம்பைத் தளர்த்தாமல் தூணிலிருந்து விலக்கி இழுக்க வேண்டும். தளர்த்தினால் மீன் தூணைச் சுற்றிக் கொள்ளும்.

பெரிய மீனை விட்டுவிடுங்கள்

கொடுவா முதலில் ஆணாகவே பருவமடைகிறது. ஒன்றரை முதல் இரண்டரை கிலோ வரை உள்ளவை பெரும்பாலும் ஆண்கள். நான்கு கிலோவுக்கு மேல் வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிறது. ஆகவே, பெருமையோடு தூக்கிச் செல்லும் பெரிய மீன் பெரும்பாலும் தாய்மீனே. அது பல இலட்சம் முட்டைகள் இடக்கூடியது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கும் விவசாயி உண்டா? தாய்மீன்களைத் தொடர்ந்து பிடித்தால், கழிகளில் குஞ்சு வரவு குறைந்துவிடும்.

சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டது. இது குளத்தில் மீன் வளர்ப்போருக்கு உதவும். எனினும் கழியில் தூண்டில் போடுவோருக்கு இயற்கையில் பொரிக்கும் குஞ்சுகளே ஆதாரம்.

விடும் முறை

கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொட வேண்டும். தாடையைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. முள் ஆழமாகப் பதிந்திருந்தால் பிடுங்காமல் நரம்பை வெட்டிவிடலாம். மீனின் தலை நீரோட்டத்தை நோக்கி இருக்குமாறு சிறிது நேரம் தாங்கிப் பிடித்து, அது தானே நீந்தத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். கால்கிலோ, அரைகிலோக் குஞ்சுகளையும் இவ்வாறே விட்டுவிட்டு, ஒன்று முதல் மூன்று கிலோ வரை உள்ளவற்றை மட்டும் அளவோடு எடுத்து வந்தால், வரும் ஆண்டுகளிலும் அதே தூணடியில் மீன் கிடைக்கும்.