மண்ணுக்குள்ள இருக்கு, ஆனா ரிசர்வ் இல்ல: ஒரு லித்தியம் செய்தியைப் படிப்பது எப்படி?

2023 பிப்ரவரியில் வந்த ஒரு செய்தி ஞாபகம் இருக்கா? ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில், சலால்-ஹைமனா பகுதியில் 59 லட்சம் டன் லித்தியம் இருக்குன்னு சொன்னாங்க. பேட்டரிக்கு இனி வெளிநாட்டை நம்ப வேண்டாம்னு எல்லாருக்கும் சந்தோஷம். அந்த வருஷக் கடைசியில் ஏலம் விட்டாங்க. ஆனா விதிப்படி தேவையான மூணு ஏலதாரர்கள்கூட தேறல. 2024 மார்ச்சில் ஏலம் ரத்து.

இவ்வளவு பெரிய புதையலை ஏன் யாரும் முட்டி மோதி வாங்கல? காரணம் அந்த அறிவிப்பிலேயே இருந்தது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் சொன்னது 'இன்ஃபெர்ட் ரிசோர்ஸ்'. பல தலைப்புச் செய்திகள் அதை 'ரிசர்வ்' ஆக்கிட்டாங்க. இந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவில் பல வருஷ வேலையும் ஏகப்பட்ட பணமும் இருக்கு.

நம்ம வீட்டு போர்வெல்லை வைச்சுப் பார்ப்போம். பக்கத்து வீட்டில் 200 அடியில் தண்ணி வந்தது, அடுத்த தெருவிலும் வந்தது. அப்ப நம்ம மனையிலும் வரலாம். இதுதான் 'இன்ஃபெர்ட்': சில மாதிரிகளை வைச்சுப் பண்ற அனுமானம். இன்னும் நெருக்கமா துளை போட்டு, மண்ணையும் பாறையையும் எடுத்துச் சோதிச்சா 'இண்டிகேட்டட்'. அதைவிட நெருக்கமா, சந்தேகத்துக்கு இடமில்லாம அளந்தா 'மெஷர்ட்'. இந்தியாவில் தேடுதலோட கட்டத்தை ஜி4-இல் ஆரம்பிச்சு ஜி1 வரை பிரிக்கிறாங்க. எண் குறையக் குறைய நம்பிக்கை கூடும். ரியாசி ஜி3.

ஆனா 'மெஷர்ட்' வரைக்கும் போனாலும் அது ரிசோர்ஸ்தான். அதில் எவ்வளவு தோண்டினா லாபம் நிக்கும்னு கணக்குப் போட்டு, தேறுவதுதான் ரிசர்வ். தோண்டுற செலவு, தாதுவைப் பிரிக்கிற தொழில்நுட்பம், சந்தை விலை, சாலை, மின்சாரம், தண்ணி, சுற்றுச்சூழல் அனுமதி, அங்கே வாழுற மக்கள் என்ன சொல்றாங்க, எல்லாமே அந்தக் கணக்கில் வரும். இண்டிகேட்டட், மெஷர்ட் ரெண்டும் இந்தச் சல்லடையைத் தாண்டினா 'ப்ராபபிள்', 'ப்ரூவ்ட்' ரிசர்வ் ஆகலாம். இன்ஃபெர்ட் நேரா ரிசர்வ் ஆகவே முடியாது.

இன்னொண்ணு, இது ஒருவழிப் பாதை இல்ல. உலோக விலை சரிஞ்சா நேத்து வரை ரிசர்வா இருந்தது மறுபடி ரிசோர்ஸ் ஆயிடும். பாறை அப்படியேதான் இருக்கும், கணக்குதான் மாறும்.

இப்ப ரியாசிக்கு வருவோம். 59 லட்சம் டன் என்பது தாதுவோட எடை, அதிலிருந்து கிடைக்கிற லித்தியத்தோட எடை இல்ல. அதுவும் பாக்சைட்டோட சேர்ந்த களிமண் வகைத் தாது. உலகத்தில் லித்தியம் பெரும்பாலும் உப்புநீரிலிருந்தும் கடினப் பாறையிலிருந்தும்தான் வருது. களிமண்ணிலிருந்து பெரிய அளவில் லாபமா எடுக்கிற வழி அப்போ நிலைபெறல. ஏலதாரர்கள் தயங்கினதில் ஆச்சரியம் இல்ல.

இந்த வார்த்தை விளையாட்டில் மக்கள் காசை இழந்திருக்காங்க. 1990-களில் கனடாவின் பிரீ-எக்ஸ் நிறுவனம் இந்தோனேசியாவின் புசாங்கில் பிரம்மாண்டமான தங்கப் படிவம் இருக்குன்னு சொல்லுச்சு. நிறுவனத்தோட சந்தை மதிப்பு சுமார் 600 கோடி கனடிய டாலர் வரை ஏறியது. 1997-இல் வெளியாட்கள் சோதிச்சப்ப, பாறை மாதிரிகளில் யாரோ தங்கத் தூள் கலந்திருந்தது தெரிஞ்சது. பங்கு காகிதமாச்சு. அதுக்கப்புறம் 2001-இல் கனடா கடுமையான அறிவிப்பு விதிகளைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதிகள் 1989-லேயே வந்தாச்சு. அதன்படி, அந்த வகைத் தாதுவில் குறைஞ்சது 5 வருஷ அனுபவம் உள்ள ஒரு நிபுணர் தன் பேரைப் போட்டுப் பொறுப்பேத்துக்கணும்.

அதனால அடுத்த தடவை 'இத்தனை லட்சம் டன் கண்டுபிடிப்பு'ன்னு பார்த்துட்டு பங்கு வாங்கிற ஆப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. ரிசோர்ஸா, ரிசர்வா? ரிசோர்ஸ்னா எந்தப் படி? டன் கணக்கு தாதுவுக்கா, உலோகத்துக்கா? மூணுக்கும் பதில் அந்தச் செய்தியில் இல்லைன்னா, ஆப்பை மூடிடலாம்.