மாசிப் பனியும் கிணற்று நீரும்

வசந்தம் என்றதும், உறைபனி உருகுவதையும் வெறுங்கிளைகள் தளிர்ப்பதையும் கூறும் ஆங்கிலப் பாடங்களே நம் மாணவர் நினைவில் எழுகின்றன. நம் முன்னோரோ மாசி, பங்குனியைப் பின்பனி என்றும், சித்திரை, வைகாசியை இளவேனில் என்றும் வகுத்தனர். வன்னியில் இளவேனில் அண்மிவிட்டதா என்பதை அறிய மரக்கிளையைப் பார்ப்பதிலும் கிணற்றை எட்டிப் பார்ப்பதே மேல்.

முள்ளியவளையில் உள்ள எங்கள் வளவில் அம்மா அதைத்தான் செய்கிறார். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரி மழையே இப்பகுதிக்கு ஆண்டு முழுவதற்குமான முதல். அதன் பின் வரவு சொற்பம், செலவே மிகுதி. வாளிக் கயிற்றில் நீர்மட்டத்துக்கு நேரே ஒரு முடிச்சு இடுவது அவர் வழக்கம்.

"மோனை, போன கிழமை முடிச்சுக்கு ஒரு முழம் கீழ போட்டுது" என்றார், நான் விடுமுறையில் சென்றபோது.

இவ்வழக்கம் வந்த கதை வேறு. 2009 தை மாதத்தில் வளவை விட்டு வெளியேறினோம். மீளக்குடியமர வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வளவெங்கும் பற்றை. முதலில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினோம். கொட்டில் போட்டது அதன் பின்னரே. அன்று தொட்டு அம்மாவுக்குக் கிணற்றின் மேல் ஒரு கண்.

மாசியில் வளவு ஓய்வதில்லை. மாரிக்கு முன் பாத்தியில் புதைத்த பனங்கொட்டைகள் இப்போது கிழங்காகியிருக்கும். பிந்தினால் கிழங்கு தும்பாகிவிடும். கிண்டியெடுத்து, அவித்துத் தோலுரித்து, இரண்டாகக் கிழித்து வெயிலில் இட்டால் புழுக்கொடியல். அவிக்காமல் காயவிட்டால் ஒடியல். கூழுக்கும் பிட்டுக்கும் மா அதிலிருந்துதான். பிளந்த கொட்டையின் பூரானுக்காகச் சிறுவர் முண்டியடிப்பர். இடையில் ஒரு மழை வந்தால் அத்தனையும் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே கிணற்றுக்கு மழை வேண்டும் என்று விரும்பும் அம்மா, முற்றத்துக்கு மழை வேண்டாம் என்றும் விரும்புகிறார்!

புளி உலுப்புதல், வேலியடைப்பு முதலியன தனி. இரவில் யானை வெடிச் சத்தம் கேட்டால் உறக்கமும் இல்லை.

காலபோக நெல் வீடு வந்துவிட்டது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கென ஒரு மூடையை ஒதுக்கியாயிற்று. எஞ்சியிருப்பது சிறுபோகம் பற்றிய வினா. தண்ணிமுறிப்புக் குளத்து நீரை நம்பியே எங்கள் இரண்டு ஏக்கரும் கிடக்கின்றன. குளத்தில் உள்ள நீரைக் கணக்கிட்டு, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைச் சிறுபோகக் கூட்டத்தில் அதிகாரிகளும் கமக்காரரும் கூடித் தீர்மானிப்பர். நீர் குறைந்த ஆண்டில் இரண்டு ஏக்கர்காரனுக்கு அரை ஏக்கர் கிடைப்பதும் உண்டு.

இம்முறை கூட்டம் அடுத்த கிழமை. பங்கு குறைந்தால் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போவதாக என் தம்பி கூறிவிட்டான். வயது இருபத்தெட்டு, வயலை அறிந்தவன் வீட்டில் அவன் ஒருவனே. கல்லூரியில் பாடஞ் சொல்லும் நான் அவனைத் தடுக்க எந்த முகத்துடன் வாய் திறப்பது?

அம்மாவும் அவனிடம் ஒன்றும் கூறவில்லை. ஒடியற் பாய்களை ஒருபுறம் நகர்த்தி, இரண்டு ஏக்கருக்கும் வேண்டிய நான்கு புசல் விதைநெல்லை முற்றத்தில் காயப்போட்டிருக்கிறார்.