ரொட்டிக்காரர் எழுப்பிய கல்லறை

ரோம் நகரின் போர்ட்டா மஜ்ஜோரே வாயிலை ஒட்டி ஒரு விசித்திரமான கல்லறை நிற்கிறது. அதன் சுவர்களில் வரிசை வரிசையாகப் பெரிய வட்டத் துளைகள். அவற்றின் கீழே நெட்டுக்குத்தாக நிற்கும் கல் உருளைகள். அவை மாவு பிசையும் கலங்களின் வடிவம் என்பது அறிஞர் பலரின் கருத்து. கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைக் கட்டியவர் தளபதியோ செனட்டரோ அல்லர். ரொட்டித் தொழில் செய்தவர். பெயர் மார்க்கஸ் வெர்ஜிலியஸ் யூரிசாசெஸ்.

அந்தப் பெயரே அவர் கதையைச் சொல்கிறது. சுதந்திரராகப் பிறந்த ரோமானியர் கல்வெட்டில் தந்தை பெயரையும் பொறிப்பது வழக்கம். இங்கே அது இல்லை. கடைசிப் பெயரோ கிரேக்கப் பெயர். விடுதலை பெற்ற அடிமைகள் எஜமானரின் குடும்பப் பெயரை ஏற்று, தம் பழைய பெயரைக் கடைசியில் வைத்துக்கொள்வார்கள். ஆகவே யூரிசாசெஸ் ஒருகாலத்தில் அடிமையாக இருந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

கல்லறையின் மேல்விளிம்பில் ஓடும் புடைப்புச் சிற்பங்கள்தான் இதன் பெருஞ்செல்வம். கழுதைகள் சுற்றிவரும் திரிகையில் தானியம் அரைபடுகிறது. ஆட்கள் மாவைச் சலிக்கிறார்கள்; விலங்கு பூட்டிய பொறி அதைப் பிசைகிறது; மேசையைச் சுற்றி நின்று உருட்டுகிறார்கள்; ஒருவர் அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளுகிறார். முடிவில் கூடை கூடையாக ரொட்டி தராசில் ஏறுகிறது. உழைப்பவர்கள் குட்டைச் சட்டையில். மேற்பார்ப்பவர்கள் குடிமக்களுக்கே உரிய டோகா உடையில்.

ரொட்டியில் இவ்வளவு செல்வம் எப்படிச் சேர்ந்தது? பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ரோமில் சுமார் 2,00,000 பேருக்கு அரசு தானியம் வழங்கியது. அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகளுக்கு அதை அரைக்கவும் சுடவும் வசதி குறைவு. நகரமே ரொட்டிக்கடைகளை நம்பியிருந்தது. யூரிசாசெஸோ ஒப்பந்ததாரரும்கூட; கல்வெட்டு அதையும் சொல்கிறது.

இதே காலத்து இலக்கியம் என்ன சொன்னது? கி.மு. 44-இல் எழுதிய 'கடமைகள்' நூலில் அரசியல்வாதி சிசரோ, கைத்தொழில்களை இழிவானவை என்று ஒதுக்கினார். பட்டறையில் சுதந்திர மனிதனுக்குத் தகுந்தது எதுவும் இல்லை என்பது அவர் தீர்ப்பு. விடுதலை பெற்ற அடிமையின் மகனான கவிஞர் ஹொரேஸ், அந்தப் பிறப்புக்காகத் தம்மைத் தூற்றியவர்களுக்குத் தம் அங்கதக் கவிதையிலேயே பதில் எழுத வேண்டியிருந்தது. அடுத்த நூற்றாண்டில் எழுத்தாளர் பெட்ரோனியஸ், முன்னாள் அடிமையான திரிமால்கியோ என்ற கதாபாத்திரம் தன் கல்லறைக்கான சிற்பங்களை விருந்து மேசையிலேயே விவரிப்பதாக எழுதி, புதுப்பணக்காரர்களைப் பரிகசித்தார்.

நூல்கள் எழுதும் ஓய்வும் கல்வியும் பெரும்பாலும் மேட்டுக்குடியினரிடம் இருந்தன. உழைத்து உயர்ந்தவர்களோ கல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். நகருக்குள் வரும் இரண்டு பெருஞ்சாலைகள் கூடும் இடத்தில், எழுத்தறியாதவருக்கும் புரியும்படி, தன் தொழிலையே பெருமையாகச் செதுக்கிவைத்தார் யூரிசாசெஸ்.

பிற்காலத்தில் எழுந்த கோட்டை வாயிலின் கோபுரத்துக்குள் இந்தக் கல்லறை பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. 1838-இல் அந்தக் கட்டுமானத்தை அகற்றியபோதுதான் மீண்டும் வெளிப்பட்டது.

சிசரோவை மட்டும் படித்தால் ரோமின் மேட்டுக்குடி உழைப்பை எப்படிப் பார்த்தது என்றுதான் தெரியும். உழைத்தவர் தம்மை எப்படிப் பார்த்தார் என்பதை அறிய, இந்தச் சிற்பங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.