டிரையலில் சேரலாமா? மோட்டார் நியூரான் நோயாளிகள் கேட்க வேண்டியவை

மோட்டார் நியூரான் நோய் என்று நியூராலஜிஸ்ட் சொன்ன அன்றே வீட்டில் இரண்டு கேள்விகள் எழுந்துவிடுகின்றன. இதற்கு மருந்து உண்டா? இல்லையென்றால் எங்காவது புதிதாக ஏதாவது சோதித்துப் பார்க்கிறார்களா?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. ரிலுசோல் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 1995-இல் அனுமதி கொடுத்தது. ஆய்வுகளில் அது ஆயுளை நீட்டித்தது இரண்டு மூன்று மாதங்கள்தான். இன்றும் பெரும்பாலான நோயாளிகளுக்கு எழுதித் தரப்படும் அடிப்படை மருந்து அதுவே. இந்த நோயின் பரவலான வடிவமான ஏ.எல்.எஸ். வந்தவர்களில் பலர் அறிகுறி தொடங்கி இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது கேள்விதான் குடும்பங்களை அலைக்கழிக்கிறது. உண்மையான ஆராய்ச்சி ஒரு பக்கம் நடக்கிறது. ஆராய்ச்சி என்று பெயர் சூட்டிக்கொண்ட வியாபாரம் இன்னொரு பக்கம் நடக்கிறது. வெள்ளைக் கோட்டு, ஆங்கிலப் படிவம், மருத்துவமனைப் படுக்கை எல்லாம் இரண்டு இடத்திலும் உண்டு. அவசரத்தில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் புலப்படுவதில்லை.

பிரித்தறிய நான் முதலில் சொல்லும் வழி, பணம். உங்கள் உடம்பில் சோதிக்கப்படும் மருந்துக்கு உங்களிடமே லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மோட்டார் நியூரான் நோய்க்கு ஸ்டெம் செல் ஊசி போடுவதாகச் சொல்லி நகையையும் நிலத்தையும் விற்க வைக்கும் இடங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் நெறிமுறைகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு வழக்கமாகச் செய்யப்படும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தவிர, வேறெந்த நோய்க்கும் ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே பயன்படுத்தலாம். அந்த ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் வாங்கவும் கூடாது. நோயாளியின் சொந்த உடம்பிலிருந்து எடுத்த செல்தானே என்ற சமாதானத்தையும் ஏற்காதீர்கள்.

அடுத்தது பதிவு எண். இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்வதற்கென்றே சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு 2007-இல் தொடங்கப்பட்டது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயமானது. எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டில் படித்த பிள்ளை யாராவது இருந்தால் இணையத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த மருந்து, எத்தனை பேர், யார் செலவு செய்கிறார்கள், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்ற விவரங்கள் அதில் இருக்கும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. எண் இருப்பதாலேயே அது நல்ல ஆய்வு என்று ஆகிவிடாது. எண் இல்லாத மருந்துச் சோதனையில் மட்டும் ஒருபோதும் சேராதீர்கள்.

முறையான ஆய்விலும் ஆபத்து உண்டு. அதை மறைத்துப் பேசுவது நோயாளியை ஏமாற்றுவதற்குச் சமம். மினோசைக்ளின் என்பது பல காலமாகப் புழக்கத்தில் உள்ள ஆன்டிபயாடிக். எலிகளில் நல்ல பலன் தெரிந்ததால் அமெரிக்காவில் 412 ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2007-இல் முடிவு வந்தபோது, மருந்து சாப்பிட்டவர்களின் உடல்நிலை போலி மருந்து சாப்பிட்டவர்களைவிட வேகமாகச் சரிந்திருந்தது. பழகிய மருந்துதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ரெலிவ்ரியோ என்ற ஏ.எல்.எஸ். மருந்தின் கதை வேறு மாதிரி. 137 பேர் பங்கேற்ற ஆய்வில் நம்பிக்கை தெரிந்ததால் 2022-இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. ஆண்டுக்கு ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம் டாலர் என்று விலை வைத்தார்கள். பிறகு 664 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில் பலனே இல்லை என்று 2024 மார்ச்சில் தெரிந்தது. அடுத்த மாதமே நிறுவனம் மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அந்த 664 பேரில் ஒருவருக்கும் மருந்தால் நோய் தணியவில்லை என்று வருந்தலாம். ஆனால் அவர்கள் முன்வந்திருக்காவிட்டால், பலனில்லாத ஒரு மருந்துக்காக உலகெங்கும் குடும்பங்கள் இன்றும் கடன் வாங்கிக்கொண்டிருக்கும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கான டோஃபெர்சென் 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீரில் ஊசி வழியே செலுத்தும் மருந்து அது. 108 பேர் பங்கேற்ற அதன் ஆய்வில், 28 வாரங்களில் எட்ட வேண்டிய முதன்மை இலக்கை அது எட்டவில்லை. ஆனாலும் நரம்புச் சிதைவைக் காட்டும் ஒரு புரதம் ரத்தத்தில் குறைந்தது. தொடர்ந்து கவனித்தபோது, முன்னதாகவே மருந்தைத் தொடங்கியவர்கள் தாமதமாகத் தொடங்கியவர்களைவிட மேலான நிலையில் இருந்தார்கள். ஏ.எல்.எஸ். நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேருக்குத்தான் இந்த மரபணுப் பிழை இருக்கிறது.

ஆகவே டிரையலில் சேருபவர் சிகிச்சைக்குப் போகவில்லை, ஒரு கேள்விக்கு விடை தேடும் வேலையில் பங்கு கொள்கிறார். யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மருந்து என்பதைக் குலுக்கல் முறை தீர்மானிக்கும். மருத்துவருக்கே அது தெரியாது. "டாக்டர் எனக்கு நல்லதைத்தான் கொடுப்பார்" என்ற எண்ணத்தோடு படிவத்தில் கையெழுத்திடுபவர் பிறகு மனம் உடைந்துபோகிறார். எத்தனை பேரில் எத்தனை பேருக்குப் போலி மருந்து, ரிலுசோலைத் தொடரலாமா, ஆய்வு முடிந்ததும் எல்லோருக்கும் உண்மையான மருந்து தருவார்களா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

இந்த நோய்க்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பல ஆய்வுகள், அறிகுறி தொடங்கிக் குறிப்பிட்ட மாதங்களுக்குள் வருபவர்களையும் மூச்சுத்திறன் குறிப்பிட்ட அளவுக்குமேல் இருப்பவர்களையும் மட்டுமே சேர்த்துக்கொள்ளும். நம் ஊரில் கை மரத்துப்போனதாகவோ கழுத்தெலும்புத் தேய்மானமாகவோ நினைத்து மாதக்கணக்கில் சுற்றிவிட்டுத்தான் பலர் நியூராலஜிஸ்டிடம் வந்து சேருகிறார்கள். நோய் உறுதியாகும்போதே நேரம் பாதி கரைந்திருக்கும். கையில் பொருள் முதன்முதலாக நழுவிய மாதம் எது, நாக்கு குழறத் தொடங்கியது எப்போது என்பதை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தேதி ஒரு கதவைத் திறக்கவும் கூடும், மூடவும் கூடும்.

நோயின் போக்கை அளக்க இந்த ஆய்வுகள் பயன்படுத்தும் மதிப்பெண் பட்டியலில் 12 கேள்விகள், மொத்தம் 48 மதிப்பெண்கள். பேச்சு, எச்சில், விழுங்குவது, எழுதுவது, உடுத்துவது, படுக்கையில் புரள்வது, படியேறுவது, மூச்சு என்று அன்றாட வாழ்க்கையே அங்கே எண்ணாகிறது. உங்கள் மதிப்பெண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஒப்புதல் விஷயத்தில் வீட்டாரிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குரல் போய்விட்டது என்பதற்காக அப்பாவின் முடிவைப் பிள்ளைகள் எடுத்துவிடக் கூடாது. இந்த நோயில் சிலருக்குச் சிந்தனைத் திறனும் முடிவெடுக்கும் திறனும் பாதிக்கப்படுவது உண்மைதான். ஆனால் பெரும்பாலோருக்கு அறிவு தெளிவாகவே இருக்கும். கண்ணசைவாலோ எழுத்துப் பலகையாலோ அவர் "வேண்டாம்" என்று சொன்னால் அதுவே இறுதி. தானே முடிவெடுக்க இயலாத நிலையில் மட்டுமே சட்டப்படியான பிரதிநிதி அவர் சார்பில் ஒப்புதல் தரலாம்.

இந்தியாவில் இதற்கெல்லாம் அடிப்படை, 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகள். தகவல் தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள், தயங்க வேண்டாம். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும். எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களை வைத்து முற்றிலும் புதிய மருந்து மூலக்கூறைச் சோதித்தால், ஒப்புதல் பெறுவதை ஒலி, ஒளிப்பதிவு செய்வது கட்டாயம். கையெழுத்தான படிவத்தின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். எந்த நாளிலும், காரணம் சொல்லாமல் விலகலாம். விலகியதற்காக அந்த மருத்துவமனை வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

ஆய்வின்போது உடல் பாதிக்கப்பட்டால் சிகிச்சைச் செலவு உங்களுடையதல்ல. தேவைப்படும் காலம்வரை, அல்லது பாதிப்புக்கு ஆய்வு காரணமில்லை என்று நிறுவப்படும்வரை, இலவச மருத்துவம் தர வேண்டும். கடுமையான பாதிப்பை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்து உரிம அதிகாரிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவித்தாக வேண்டும். ஆய்வு காரணமாக உயிரே போனால் இழப்பீடு உண்டு. அது கணக்கிடப்படும் முறையைக் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அதோடு வயதுக்கான காரணியும், நோயின் தீவிரத்துக்கான காரணியும் பெருக்கப்படும். 65 வயதைத் தாண்டியவர் ஆறு மாதம்கூட உயிரோடு இருக்கமாட்டார் என்று முன்பே குறிக்கப்பட்டிருந்தால் தொகை 4 லட்சம். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு என்று குறிக்கப்பட்டிருந்தால் 8 லட்சம். அதே வயதில் முழு ஆரோக்கியமான தன்னார்வலருக்கு 32 லட்சம். சாவை நெருங்கியவரின் உயிருக்குக் குறைந்த விலை என்பது எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் விதி அப்படி இருக்கும்வரை, சேரும் நாளில் உங்கள் நோயின் தீவிரம் எப்படிப் பதிவாகிறது என்று கேட்டு, அந்தத் தாளின் நகலையும் வாங்கி வையுங்கள். படிவத்தில் வாரிசுதாரர் பெயருக்கான இடத்தையும் காலியாக விடாதீர்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத உரிமை ஒன்று உண்டு. ஆய்வு முடிந்த பிறகு, மருந்து உங்களுக்குப் பயன் தந்ததாக ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டு, அந்த நோய்க்கு வேறு மாற்று சிகிச்சையும் இல்லையென்றால், நிறுவனம் அதை இலவசமாகத் தொடர்ந்து தர விதியில் இடமுண்டு. ஆனால் அப்படித் தொடரும்போது வரும் பாதிப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். மோட்டார் நியூரான் நோயாளிக்கு இந்த விதி உயிரோடு சம்பந்தப்பட்டது. சேருவதற்கு முன்பே இதைப் பற்றிப் பேசுங்கள்.

மரபணுப் பரிசோதனை கேட்டால் உடனே ரத்தம் கொடுத்துவிட வேண்டாம். முடிவு உங்களோடு நிற்காது. பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் அது தொடும். முன்னும் பின்னும் மரபணு ஆலோசகரோடு பேசும் வாய்ப்பைக் கேளுங்கள். முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

மருந்து சோதிப்பது மட்டுமே ஆராய்ச்சி இல்லை. இளவயதில் தொடங்கி, காது கேளாமையோடு மெல்ல வளரும் ஒரு வகை நோயை 1970-இல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் விவரித்தார்கள். உலக மருத்துவ நூல்களில் இன்றும் அதன் பெயர் மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் முப்பது ஆண்டுகளில் வந்த 1,153 ஏ.எல்.எஸ். நோயாளிகளின் விவரங்களை 2008-இல் வெளியிட்டார்கள். மேலை நாடுகளைவிட இங்கே நோய் குறைந்த வயதிலேயே, சராசரியாக 46-இல், தொடங்குவது அதில் தெரிந்தது. ஆபத்து குறைந்த இத்தகைய கண்காணிப்பு ஆய்வுகளில், மருந்து ஆய்வுக்குத் தகுதி பெறாதவர்களும் பங்களிக்க முடியும்.

அடுத்த முறை நியூராலஜிஸ்டைப் பார்க்கும்போது, என் நோய்க்கு இந்தியாவில் எந்த ஆய்வு நடக்கிறது, என்னைச் சேர்ப்பார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். சேர்ந்த பிறகு ஏதாவது சரியில்லை என்று பட்டால், தகவல் தாளில் அச்சிட்டிருக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணில் பேசுங்கள். அங்கே பதில் கிடைக்காவிட்டால் டெல்லியிலுள்ள இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரிக்கு எழுதலாம்.