வேலிக்கருவைக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்!

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு பஸ் ஏறினால் ஜன்னலுக்கு வெளியே ஒரே சீன்தான். இந்தப் பக்கம் சீமைக்கருவேலம். அந்தப் பக்கமும் சீமைக்கருவேலம். நடுவில் ரோடு... அதுகூட தார் போட்டதால் தப்பித்தது!

எங்கள் பக்கத்தில் இதற்கு வேலிக்கருவை என்று பெயர். மழை பெய்யவில்லையா? வேலிக்கருவை. கிணறு வற்றிப் போச்சா? வேலிக்கருவை. மாடு சினை பிடிக்கவில்லையா? அதுவும் வேலிக்கருவை. போகிற போக்கைப் பார்த்தால், பையனுக்குப் பெண் அமையாததற்கும் இதைத்தான் சொல்வார்கள் போல.

நான் பி.காம். ஒரு ஆசாமியைத் திட்டுவதற்கு முன்னால் வரவு, பற்று இரண்டையும் எழுதிப் பார்ப்பது எங்கள் சாதிக்குப் பழக்கம். மரத்துக்கும் அதே ரூல்தான்.

முதலில், கணக்கு ஆரம்பித்த தேதி. டீக்கடையில் கேட்டால், '1960-கள்ல வெள்ளைக்காரன் பண்ணின சதி' என்பார்கள். வெள்ளைக்காரன் கப்பலேறியது எப்போது என்று குறுக்குக் கேள்வி கேட்டால் டீ ஆறிவிடும். உண்மையில் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து, அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பாவில் இதை நட்டது 1877-ல். தாது வருஷப் பஞ்சம் ஊரைப் புரட்டிப் போட்டுக் கொண்டிருந்த நேரம். திருச்சுழியில் ரமண மகரிஷி பிறப்பதற்கு 2 வருஷம் முந்தி! சுதந்திரத்துக்குப் பிறகும் விறகுக்காகவும் வேலிக்காகவும் வறண்ட மாவட்டங்களில் விதையைப் பரப்பினார்கள்.

இனி வரவு.

உளுந்துச் செடியைப் பிடுங்கினால் வேரில் குட்டிக் குட்டி முடிச்சு இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? அதற்குள்ளே ரைசோபியம் என்கிற பாக்டீரியா குடியிருக்கிறது. காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கித் தருகிறது. வாடகையாகச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. வேலிக்கருவையும் இதே வம்சம். இதன் வேரிலும் அதே குடித்தனம். இலை உதிர்ந்து மக்க மக்க, மரத்தடி மண்ணில் சத்து சேருகிறது. கர்னாலில் உள்ள மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையம் களர் நிலத்தில் இதை வளர்த்துப் பார்த்தது. மண்ணின் காரத்தன்மை குறைந்தது.

அப்புறம் கரி. ஒன்றும் விளையாத வருஷத்திலும் மூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையைத் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுக்கிறீர்களா? அந்தப் பெட்டிக்குள் கனன்றது எங்கள் ஊர்க் கரியாகக்கூட இருக்கலாம் சார்!

இப்போது பற்று. இந்தப் பக்கம்தான் நீளம்.

காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது என்பது கதை. எந்த மரமும் வேரால் தண்ணீரை இழுத்து இலை வழியாகக் காற்றில்தான் விடும். ஆனால், நிலத்தடித் தண்ணீரை இழுக்கிறது என்பது நிஜம். அமெரிக்காவின் அரிசோனாவில் இதன் பங்காளி மரம் ஒன்றின் வேரைச் சுரங்கம் தோண்டும்போது பார்த்தார்கள். ஆழம் 53 மீட்டர்! எத்தியோப்பியாவில் அளந்தபோது ஒரு வேலிக்கருவை நாளுக்குச் சராசரியாக 7 லிட்டர் குடித்தது. அரை வாளிதானே என்று விட்டுவிடாதீர்கள். ஏக்கருக்கு 500 மரம் என்று வைத்துப் பெருக்குங்கள்: 3,500 லிட்டர். சித்திரை வெயிலிலும் பச்சையாக நிற்கிறதே, சும்மாவா?

தவிர, இலையிலுள்ள ரசாயனம் மற்ற விதைகளை முளைக்க விடுவதில்லை. கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் புதராக அடைத்துக்கொண்டு, பெய்கிற மழையையும் வந்து சேர விடுவதில்லை. குண்டாற்றுப் பக்கத்து ஜனங்களுக்கு இதுதான் பெரிய நஷ்டம்.

சரி, புதர் என்றாலே தண்ணீர்த் திருடன்தானா? ஆப்பிரிக்காவில் செனகல் தேசத்தைப் பாருங்கள். நம்மைவிடக் காய்ந்த பூமி. கம்பு வயலில் 'கியேரா' என்றொரு நாட்டுப் புதர் தானாக வளரும். விவசாயிகள் விதைப்புக்கு முன் அதை வெட்டி எரிப்பார்கள். எரிக்காமல், தழையை மண்ணிலேயே போட்டு, புதரையும் நெருக்கமாக வளர விட்டுப் பார்த்தார்கள் விஞ்ஞானிகள். கம்பு மகசூல் ஏறியது! காரணம், ராத்திரி வேலை. பகலில் இலை தண்ணீரை மேலே இழுக்கிறது. இருட்டினால் இலைத் துளைகள் மூடிக்கொள்ளும். அப்போது, அடி வேர் கொண்டுவந்த தண்ணீரை, காய்ந்து கிடக்கிற மேல்மண் வேரிலிருந்து வாங்கிக்கொள்கிறது. அடையாளம் போட்ட தண்ணீரைப் புதரின் ஆழ வேருக்குக் கொடுத்தார்கள். அது பக்கத்துக் கம்பில் வந்து நின்றது. புதரின் வேரைச் சுற்றியிருக்கிற நல்ல கிருமிகளும் கம்புக்குத் துணை செய்கின்றன.

அதனால் கேள்வி, புதர் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எந்தப் புதர், எவ்வளவு, யார் கவனிக்கிறார்கள் என்பதுதான். நம் மண்ணிலேயே ஆவாரை இருக்கிறது, உடைமரம் இருக்கிறது. அவற்றையும் சேர்த்து வழிக்கிறது ஜேசிபி.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை ஒழிக்கச் சொன்னது. அதே வருஷம் தடையும் வந்தது. 2022-ல் தமிழக அரசு, அந்நியச் செடிகளை அகற்ற ஒரு கொள்கையே வெளியிட்டது. அது அரசாங்கத்தின் பாடு. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு, ஊரில் முட்காடாகக் கிடக்கிற அப்பாவின் 4 ஏக்கர் இருக்கிறதா? இது உங்களுக்கு.

வெட்டினால் போதாது, தூரோடு தோண்டாவிட்டால் மறுபடி தழைக்கும். தோண்டும்போது மேல்மண்ணை வழித்துப் போக விடாதீர்கள். இத்தனை வருஷம் அந்த மரம் கட்டிய டெபாசிட் அதுதான். ஐப்பசி மழைக்கு உளுந்தோ குதிரைவாலியோ விதையுங்கள். அடுத்த 3, 4 வருஷம் முளைக்கிற கன்றை விரல் உயரத்திலேயே பிடுங்க ஓர் ஆள் வேண்டும். வரப்பில் ஆவாரையை விட்டு வையுங்கள்.

கவனிக்க ஆளே இல்லையா? அப்படியென்றால் வெட்டிப் போட்டுவிட்டு பஸ் ஏறாதீர்கள். அடுத்த தடவை வரும்போது இரண்டு மடங்கு முள் நிற்கும். அதற்கு, கரிமூட்டம் போடுகிற அண்ணாச்சிக்குக் குத்தகைக்கு விடுங்கள். காடும் கட்டுக்குள் இருக்கும், அவர் வீட்டிலும் அடுப்பு எரியும்.