இன்டர்நெட் இல்லாத ஜூன்

"செல்போன் இல்லாம இன்னைக்கு ஒரு போராட்டம் நடக்குமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நான் சூடானைச் சொல்லுவேன்.

2019 ஏப்ரல்ல, 30 வருஷமா ஆண்ட ஒமர் அல்-பஷீரை ராணுவமே இறக்கியது. ஆனா நாற்காலியில உட்கார்ந்ததும் ராணுவம்தான். அதனால கார்ட்டூம்ல ராணுவத் தலைமையகத்து வாசல்ல உட்கார்ந்திருந்த ஜனம் எழுந்து போகல. ஜூன் 3 அன்னைக்கு அவங்க மேல துப்பாக்கிச்சூடு. நூற்றுக்கும் மேல பலி. இன்டர்நெட்டும் கட்.

அப்புறம் ஏரியா வாரியா இருந்த 'எதிர்ப்புக் குழு' பசங்களும் பொண்ணுங்களும் வீடு வீடாப் போய்ச் சொன்னாங்க. ஜூன் 30, தெருவெல்லாம் கூட்டம். சில நாள்லயே ராணுவம் உடன்பாட்டுக்கு வந்தது.

எனக்கு உறுத்துறது அந்த உடன்பாடுதான். 39 மாத இடைக்கால ஆட்சி; 11 பேர் கவுன்சில்ல 5 பேர் ராணுவம், முதல் 21 மாதம் தலைமையும் அவங்களுக்கே! இளைஞர்கள் உள்ளே வர வாய்ப்பிருந்த இடம் சட்டமன்றம். 90 நாள்ல அமைக்கணும்னு எழுதியிருந்தாங்க, அமைக்கவே இல்ல. 2021 அக்டோபர் 25, மறுபடியும் ராணுவக் கவிழ்ப்பு.

2023 ஏப்ரல்ல ரெண்டு படைகளுக்கு நடுவுல போர் மூண்டது. கார்ட்டூம்ல மாட்டிக்கிட்டவங்களுக்குச் சமைச்சுப் போட்டதுல அந்தக் குழுக்கள்ல இருந்து வந்தவங்க நிறைய பேர். இப்ப அவங்க பேரு 'அவசர உதவி அறைகள்'.