பாவமல்ல, கல் தூசி

"நான் என்ன பாவம் பண்ணேன்?" நோய் முற்றிய கல் குவாரித் தொழிலாளர்களிடம் பேசப் போனால் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. இந்துவாக இருப்பவர் போன பிறவிப் பாவம் என்று சொல்லி ஓரளவு ஆறிக்கொள்வார். கிறிஸ்தவருக்கு முற்பிறவி கிடையாது. அவர் இந்தப் பிறவிக்குள்ளேயேதான் அந்தப் பாவத்தைத் தேட வேண்டும்.

செங்கல்பட்டு மாவட்டக் காலனி ஒன்றில் அப்படித் தேடிக்கொண்டிருந்த ஒருவரை மூன்று ஆண்டுகளாக அறிவோம். வழக்கு நடப்பதால் பெயர் வேண்டாம். வயது 48. சபைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். 19 ஆண்டுகள் குவாரியில் ஜாக்ஹாமர் பிடித்தவர்.

வெடி வைக்கப் பாறையில் துளை போட வேண்டும். கம்ப்ரசர் காற்றில் அடிக்கும் அந்த மெஷினை உடம்போடு அணைத்து நிற்க வேண்டும். துளையிலிருந்து கோலமாவு போலத் தூசி கிளம்பி முகத்தில் அடிக்கும். தண்ணீர் விட்டுக்கொண்டே துளைத்தால் அந்தத் தூசி சேறாகி அங்கேயே அடங்கிவிடும். சுரங்க விதிகளும் தூசியை அடக்கச் சொல்கின்றன. ஆனால் தண்ணீருக்குச் செலவு, வேலைக்குத் தாமதம். ஆகவே தண்ணீர் கிடையாது, முகத்தில் ஒரு துண்டு மட்டும். சாயங்காலம் கொஞ்சம் வெல்லம் தின்றால் தூசியெல்லாம் வயிற்றோடு போய்விடும் என்பாராம் மேஸ்திரி. தூசி வயிற்றுக்குப் போனால்தானே!

கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். தெரியாததுதான் ஆளைக் கொல்வது. தலைமுடித் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சிலிக்கா துகள், நுரையீரலின் கடைசி அறை வரை போய்த் தங்கும். அதைச் சுற்றித் தழும்பு விழும். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து மூச்சு வாங்கத் தொடங்கும். வேலையை விட்டு நின்ற பிறகும் தழும்பு வளரலாம். சிலிகோசிஸ் என்ற இந்த நோயைக் குணமாக்க மருந்து இல்லை.

இவருக்கு முதலில் காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. இருமல் நிற்கவில்லை, எடை குறைந்தது. மறுபடியும் ஆறு மாதம். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் வரும் என்பதும், எக்ஸ்ரேயில் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட முடியும் என்பதும் உண்மைதான். ஆனால் "என்ன வேலை பார்த்தீங்க?" என்று அந்த ஓராண்டில் ஒருவரும் கேட்கவில்லை.

மருந்து கேட்காதபோது ஜெபம் கூடியது. சபைப் பெண்கள் தினமும் வந்து முழங்காலிட்டார்கள், கஞ்சியும் கொண்டுவந்தார்கள். அதில் எங்களுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியூரிலிருந்து கூட்டம் நடத்த வந்த ஒரு பிரசங்கியார்தான் தலையில் கை வைத்து, மறைத்து வைத்த பாவம் இருக்கிறது என்றார். மாத்திரையை நம்புகிறவன் கர்த்தரை நம்பவில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். இவர் மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருந்தார்.

"குடிச்சிருக்கேன் சார், இல்லன்னு சொல்லல. ஒரு தடவ பொண்டாட்டிய அடிச்சிருக்கேன். அவகிட்டயே மன்னிப்புக் கேட்டேன். வேற என்ன பண்ணேன்னு ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டேன். அப்புறம் ஆண்டவர் மேலயே சந்தேகம் வந்துச்சு. பயந்துட்டேன்."

பதினோராம் நாள் அவர் மனைவிதான் அதை முடித்து வைத்தார். "உன்கூட மெஷின் புடிச்ச நாலு பேரும் இப்படித்தான் இருமுறாங்க. ரெண்டு பேரு அம்மன் கோயிலுக்குப் போறவங்க. நாலு பேரும் சேர்ந்து ஒரே பாவத்தையா பண்ணீங்க?"

ஓராண்டாக யாரும் கேட்காத கேள்வியை, நூறு நாள் வேலைக்குப் போகும் அந்தப் பெண் கேட்டுவிட்டார்.

அதன்பிறகு அவர் யோபுவின் ஆகமத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். பிரசங்கங்களில் அது பொறுமையின் கதை. அவர் படித்தபோது யோபு பொறுமையாகவே இல்லை, கடவுளோடு வழக்காடுகிறான். நீ பாவம் செய்திருப்பாய் என்று நியாயம் பேசிய நண்பர்கள்மீதுதான் கடைசியில் கடவுளுக்குக் கோபம். தமிழ் முதுகலை வரை படித்த எங்களுக்கு யோபுவை இப்படி யாரும் சொல்லித் தரவில்லை. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தையும் அவர் காட்டினார். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்க, இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. "லூக்காவே டாக்டருதான சார், மாத்திர எப்படித் தப்பாகும்?" என்று கேட்டபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

இதே மாவட்டத்தில் 130 ஆண்டுகளுக்கு முன்பு சேரி மக்களின் பட்டினியைக் கண்ட ஆதாம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரியார்கள், நிலமில்லாததுதான் காரணம் என்று அரசிடம் வாதாடினார்கள். கலெக்டர் டிரமென்ஹீர் அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பட்டினிக்கு அன்று காரணம் தேடிய கிறிஸ்தவம் அது. தாத்தா காலத்தில் இவர் குடும்பம் சேர்ந்த சபையும் அந்த வழியில் வந்ததுதான்.

பிறகு ஓர் அரசு மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் வேலையைப் பற்றி விசாரித்தார். சிலிகோசிஸ் என்று சீட்டில் எழுதினார். அன்று இவர் அழுதார். குணமாகாது என்று சொன்னதற்காக அழுகிறார் என நினைத்தோம். "அது இல்ல சார். இதுக்குன்னு ஒரு பேரு இருக்குதே" என்றார்.

சோதனை அதோடு விடவில்லை. வருமானம் நின்றது, மகன் கல்லூரியில் இருக்கிறான். இந்து ஆதிதிராவிடர் என்று சான்றிதழ் வாங்கிவிடு, பையனுக்கு வேலைக்காவது ஆகும் என்று உறவினர்கள் நெருக்குகிறார்கள். அதே தெருவில் சித்தப்பா மகன் இந்து, பட்டியல் சாதி. இவர் கிறிஸ்தவர் என்பதால் பிற்படுத்தப்பட்டவர். குடிப்பது ஒரே குழாய்த் தண்ணீர், ஊருக்குள் கேட்கும் வசவும் ஒன்றே.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்னும் திறக்கவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்த சூசை, மற்ற தொழிலாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதற்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று 1985இல் மனு தள்ளுபடியானது. எந்தச் சேரிக்கு வந்தாலும் ஆதாரம் காட்டியிருக்கலாம்!

சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர் என்று வாழும் குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அப்படி நிறுத்தி வைத்தது சட்டம். இவர் மட்டும் மறுத்துவிட்டார். "மூச்சு முட்டுறப்ப கூப்பிடுற பேர, தாலுகா ஆபீஸ்ல போய் இல்லன்னு எழுதிக் குடுக்க முடியாது சார்" என்றார். எங்களில் கடவுளை நம்பாதவர்கள் பாதிப்பேர். அவர்களும் பதில் சொல்லவில்லை.

சட்டப்படி சிலிகோசிஸ் இழப்பீட்டுக்குரிய தொழில்சார் நோய். ராஜஸ்தான் அரசு 2019இல் தனிக் கொள்கையே வகுத்தது: நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். இங்கும் அப்படி ஒன்றைக் கேட்டு வருகிறோம். இவருக்காக இழப்பீட்டு மனு போட்டபோது, இப்படி ஓர் ஆள் எங்களிடம் வேலை செய்யவே இல்லை என்றது குவாரித் தரப்பு. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. சம்பளம் மேஸ்திரி கையிலிருந்து வந்தது. அந்த மேஸ்திரியும் இப்போது உயிரோடு இல்லை.

சபை ஐயர் (இந்தப் பக்கம் போதகரை அப்படித்தான் அழைப்பார்கள்) பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தார். குழந்தையின் பெயருக்கு எதிரே தகப்பன் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. மகனுக்கு 2006இலும் மகளுக்கு 2009இலும் அந்தக் கட்டத்தில் குவாரியின் பெயரோடு 'கல் குவாரி மெஷின் வேலை' என்று எழுதியிருந்தது. ஐயர் கையெழுத்திட்டுக் கொடுத்த நகலையும், உடன் வேலை பார்த்த மூவரின் வாக்குமூலத்தையும் தாக்கல் செய்திருக்கிறோம். கோயில் ஏடு வேலைக்கு ஆதாரம் ஆகாது என்கிறார் எதிர்த் தரப்பு வக்கீல். அடுத்த வாய்தாவுக்கு மூலப் பதிவேட்டையே கொண்டுவரச் சொல்லி உத்தரவு. ஐயர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.